பெல்ட் கேங்கின் புதிய பூட்டு

எங்கள் செக்‌ஷனில் அவனைப் பிடிக்காதவர்கள் யாரும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் யாரையோ குற்றம் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வீர்கள். எனக்கு முணுக்கென்றால் கோபம் வரும் என்பது நெய்வேலியில் நான் குடியிருந்த மூன்று பிளாக்குகளுக்கும் தெரியும். இந்தக் கதையிலும் கோபப்பட்டிருக்கிறேன். ஆனால் கெட்டவர்கள் என்று யாரையும் காட்ட முடியாது. அதுதான் எனக்குப் பெரிய தொல்லையாக இருந்தது.

அவன் பிறவியிலேயே காது கேளாதவன். பேச்சும் வராது. குறிஞ்சிப்பாடியில் தறிக் குடும்பம். ஐடிஐயில் ஃபிட்டர் படித்துவிட்டு, மாற்றுத்திறனாளிகள் ஒதுக்கீட்டில் பர்மனென்டாக வேலைக்கு வந்தான். முப்பது வயது தாண்டியிருக்கும். மனைவியும் பள்ளிக்கூடம் போகும் ஒரு மகளும் உண்டு. ஆனாலும் எங்கள் எல்லோருக்கும் அவன் ‘தம்பி’தான். சுரங்கத்தின் பெல்ட் பராமரிப்பு செக்‌ஷனில், டைம் ஆபீசில், என் மேஜைக்கு எதிர் மேஜை அவனுடையது. ஃபிட்டருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். காலையில் நாலு தாளில் ரப்பர் ஸ்டாம்ப் குத்துவான். பிறகு ஜன்னல் வழியாக ஷெட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

வேலை தராமல் அவனை யாரும் ஒதுக்கவில்லை. பாவம், வெயிலில் எதற்கு என்று உட்கார வைத்திருந்தார்கள். மின்விசிறி அவன் பக்கம்தான் திரும்பியிருக்கும். யார் வீட்டுக் கொல்லையில் பலா பழுத்தாலும் முதல் சுளைகள் அவன் டப்பாவுக்குப் போய்விடும். பஸ்ஸைப் பிடிக்க அவனை மட்டும் கொஞ்சம் முன்னாடியே விட்டுவிடுவார்கள். அவன் எழுந்து ஒரு ஃபைலைத் தூக்கினால்கூட யாராவது ஓடிவந்து வாங்கிக்கொள்வார்கள். அப்போதெல்லாம் அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அப்பா பணியில் இருக்கும்போதே இறந்துபோய் கருணை அடிப்படையில் நான் இந்தச் செக்‌ஷனுக்கு வந்த புதிதில், ‘பொம்பளப் புள்ள, நீ உக்காரும்மா’ என்று எனக்கும் ஒரு நாற்காலியைப் போட்டார்கள். அன்று நானும் அப்படித்தான் சிரித்தேன்.

இந்த நிலைமையில்தான் மேலிடத்திலிருந்து சர்க்குலர் வந்தது. பணியிடத்தில் பன்முகத்தன்மையை வளர்க்க ஒவ்வொரு செக்‌ஷனும் ஊழியர்களையே ஈடுபடுத்தி ஏதாவது ஒரு முயற்சி செய்ய வேண்டும். அதற்கு ஒரு குழு. குழுவில் பெண் ஒருவர் கட்டாயம். செக்‌ஷனில் நான் ஒருத்திதான் பெண் என்பதால் தேர்தல் எதுவும் தேவைப்படவில்லை.

முதல் நிகழ்ச்சி உறுதிமொழி. ஷெட்டுக்கு முன்னால் எல்லோரையும் நிற்கவைத்து, வலது கையை நீட்டச் சொல்லி, மைக்கில் ஒருவர் வாசிக்க நாங்கள் திருப்பிச் சொன்னோம். யாரையும் ஒதுக்கமாட்டோம், வேறுபாடு பார்க்கமாட்டோம் என்று நல்ல வாசகங்கள்தான். நான் திரும்பிப் பார்த்தேன். தம்பி கடைசி வரிசையில் நின்றுகொண்டு, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் பார்த்துக் கையை நீட்டியிருந்தான். வாயையும் அசைத்துக்கொண்டிருந்தான். எதற்காக நிற்கிறோம் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள், அவனும் தட்டினான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே குழு கூடியது. செக்‌ஷன் தலைவர், அவரை ‘சார்’ என்றே சொல்கிறேன், என்னைவிட வயதில் ரொம்பச் சிறியவர், கெட்டிக்காரர், எதற்கும் கொஞ்சம் பயப்படுகிறவர். நம் செக்‌ஷன் என்ன முயற்சி செய்யலாம் என்று கேட்டார். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். தம்பிக்குக் குஷன் வைத்த நாற்காலி வாங்கித் தரலாம் என்றார் ஒருவர். மேடை போட்டு அவனுக்குப் பொன்னாடை போர்த்தலாம், போட்டோ நன்றாக வரும் என்றார் இன்னொருவர். பொன்னாடைக்குத்தான் ஓட்டு அதிகம்.

“அவனுக்கு என்ன வேணும்னு அவனக் கேட்டீங்களா?” என்றேன்.

யாரும் கேட்டிருக்கவில்லை. நான் எழுந்து போய் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். என் போனில் கேள்வியை எழுதி அவன் கையில் கொடுத்தேன். அவன் சுற்றி எல்லோர் முகத்தையும் பார்த்தான். பிறகு ஒரே ஒரு சொல் எழுதிக் கொடுத்தான். பூட்டு.

பெல்ட் கேங்கின் பூட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுரங்கத்திலிருந்து பழுப்பு நிலக்கரியை மேலே கொண்டுவரும் பெல்ட் கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிறது. அதில் ரோலர் மாற்றவோ கிழிசலை ஒட்டவோ கேங் இறங்கும்போது கரண்டை நிறுத்துவார்கள். நிறுத்தினால் மட்டும் போதாது. யாராவது தெரியாமல் போட்டுவிட்டால் உள்ளே இருப்பவன் கதி அவ்வளவுதான். அதனால் சுவிட்ச் ரூமில், நிறுத்திய சுவிட்சின் மேல், இறங்குகிற ஒவ்வொருவரும் தன் பூட்டைத் தானே மாட்ட வேண்டும். சாவி அவரவர் சட்டைப்பையில் இருக்கும். வேலை முடிந்ததும் அவரவர் வந்து அவரவர் பூட்டைக் கழற்ற வேண்டும். கடைசிப் பூட்டு கழலும்வரை எந்த அதிகாரி கத்தினாலும் பெல்ட் ஓடாது. எங்கள் ஷெட் சுவரில் ஒரு பலகை உண்டு. அதில் ஆளுக்கொரு ஆணி, ஆணிக்கொரு பூட்டு. பலகையில் பூட்டு இருப்பவர்தான் கேங்கில் ஆள். மற்றவர்கள் எல்லாம் ஷெட்டுக்கு வந்து போகிறவர்கள்.

சார் முகம் மாறிவிட்டது. “அக்கா, ஹூட்டர் ஊதினா எப்படிக் கேக்கும்? ஏதாவது ஆயிட்டா நான்தானே பதில் சொல்லணும்?” என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. பெல்ட் ஓடுவதற்கு முன்னால் ஹூட்டர் ஊதும். அது கேட்காதவனை அங்கே எப்படி விடுவது? பாதுகாப்புப் பிரிவில் இருந்து ஆள் வந்து பார்த்தார். எங்கள் பகுதியில் ஹூட்டரோடு சேர்ந்து சுழலும் சிவப்பு விளக்குகள் வைக்கலாம், அவன் எப்போதும் ஒரு ஜோடி ஆளோடுதான் வேலை செய்ய வேண்டும் என்றார். விளக்குகள் வருவதற்குள் நான் எத்தனை மேஜைகளுக்கு முன்னால் நின்று கத்தினேன் என்பது தனிக்கதை. கடைசியில் வருஷக் கடைசிவரை சோதனையாகப் பார்ப்பது, ஒரு சிக்கல் வந்தாலும் மறுபடி ரப்பர் ஸ்டாம்புக்கே வந்துவிட வேண்டும் என்று முடிவானது. சார் இதைத் தம்பிக்கு எழுதிக் காட்டினார். தம்பி படித்துவிட்டுத் தலையசைத்தான். மறுநாள் தன் மேஜையில் இருந்த ஸ்டாம்பையும் இங்க் பேடையும் துடைத்து என் மேஜையில் வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போனான்.

அவனுக்கு ஜோடியாக வந்தவர் கேங் லீடர். சேத்தியாத்தோப்புப் பக்கம். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து அதனால் வேலைக்கு வந்த குடும்பம். ரிட்டயர்மென்ட்டை நெருங்குகிறவர், முழங்கால் வலிக்காரர், வாய் ஓயாதவர். நாங்கள் எல்லோரும் ‘அண்ணே’ என்போம். தம்பியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டதில் அவருக்கு அவ்வளவு பெருமை. சில கைச் சைகைகள் கேங்கில் முன்பே இருந்தன. பெல்ட் தலைப்பகுதியில் ஓடுகிற இரைச்சலில் காது உள்ளவர்களுக்கும் ஒன்றும் கேட்காது. தூக்கு, இறக்கு, நிறுத்து, பிடி என்பதற்கெல்லாம் கைதான். தம்பி அவற்றை ஒரே காலையில் பிடித்துக்கொண்டான். அதற்கு மேல் அவன் கை நிறையப் பேசும். அண்ணன் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்.

சில நாள் கழித்துச் சுவிட்ச் ரூம் பக்கம் போனபோது பார்க்கிறேன், தம்பியின் பூட்டை அண்ணன் மாட்டிக்கொண்டிருக்கிறார். தம்பி தூரத்தில் நிழலில் நிற்கிறான்.

“என்னாண்ணே இது? அவன் பூட்ட அவந்தான போடணும்?”

“வெயில்ல எதுக்கும்மா அவ்ளோ தூரம் ஏறி எறங்கினு. நம்ம புள்ள மாதிரி பாத்துக்கினு இருக்கோம், அதுக்குப் போய் திட்டுறியே.”

“புள்ள மாதிரித்தான் பாக்குறீங்க. அவனுக்கே ஒரு புள்ள இருக்குதுண்ணே.”

அண்ணனுக்கு முகம் சுண்டிப்போனது. மற்றவர்கள் முன்னால் அப்படிக் கேட்டிருக்க வேண்டாம்தான், ஆனால் என் வாய் அப்படி. அவர் பூட்டைக் கழற்றிக்கொண்டு போய், சாவியோடு தம்பியின் உள்ளங்கையில் வைத்தார். தம்பி ஓடிவந்து தானே மாட்டினான். சாவியைச் சட்டைப்பையில் போட்டு, மேலே இரண்டு தட்டு தட்டிக்கொண்டான்.

நாள்கள் போயின. அவன் முகம் கறுத்தது, தோள் அகன்றது. டீ நேரத்தில் கரித்தூள் படிந்த கையோடு டைம் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பான். உள்ளே வரமாட்டான், தரை அழுக்காகிவிடும் என்று காட்டுவான். எனக்கு அவனைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். சோதனைக் காலம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் என்று நானே மனசுக்குள் பூரித்துப்போயிருந்த சமயத்தில்தான் அது நடந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். என் மேஜை போன் அடித்தது. கன்ட்ரோல் ரூம். “பெல்ட் ஏன் இன்னும் ஓடல? பவர் ஹவுஸ்ல கேட்டுகிட்டே இருக்காங்க.” நான் ஷெட் வாசலுக்கு வந்தேன். கேங் முழுக்கச் சுவிட்ச் ரூம் முன்னால் நின்றது. எல்லாப் பூட்டும் கழன்றுவிட்டது, ஒன்று மட்டும் தொங்கியது. அது யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

வேறு யார் பூட்டாக இருந்தாலும் பேரைச் சொல்லி ஒரு கத்துக் கத்தினால் எங்கிருந்தாவது குரல் வரும். இவனை எப்படிக் கூப்பிடுவது? அவன் போன் லாக்கரில் இருந்தது. பெல்ட்டுக்கு அடியில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தால் நாங்கள் கையை ஆட்டுவது தெரியாது. மயங்கி விழுந்திருந்தால்? குறிஞ்சிப்பாடியில் அவன் மனைவி இப்போது மகளுக்கு மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள் என்று என்னவோ ஒரு நினைப்பு வந்தது.

ஜீப்பில் சார் வந்து இறங்கினார். மேலிருந்து அவருக்கும் போன் மேல் போன். ஒருவர் பூட்டு வெட்டும் கட்டரைக் கையில் வைத்திருந்தார். சார் அதைப் பார்த்தார்.

“ஆள கண்ணால பாக்காம பூட்டு மேல கை வைக்கக் கூடாது சார்” என்றார் அண்ணன். “நாங்க தேடுறோம்.”

இரண்டிரண்டு பேராகப் பிரிந்து பெல்ட் ஓரமாக நடந்தார்கள். ஒவ்வொரு இடமாகக் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள். கால் மடக்கி உட்காரவே முடியாத அண்ணன், பெல்ட்டுக்கு அடியில் வயிற்றால் ஊர்ந்து போனார். அவர் பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது. உள்ளே இருந்து, காது கேட்காதவனை, “தம்பீ, தம்பீ” என்று கூப்பிட்டுக்கொண்டே போனார்.

அப்போதுதான் ஸ்டோர் வேன் வந்து நின்றது. தம்பி குதித்து இறங்கினான். கையில் ஒரு காகிதப் பொட்டலம், எண்ணெய் கசிந்து. கேன்டீன் போண்டா. எல்லோரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்து நின்றான். பிறகு சுவிட்ச் ரூமைப் பார்த்தான். சட்டைப்பையைத் தொட்டான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அண்ணனைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். தலை முதல் கால் வரை கரித்தூள். எழுந்து நின்று தம்பியைக் கண்டதும், நேராக அவன் முன்னால் போய் இரண்டு கையாலும் திட்ட ஆரம்பித்தார். தன் தலையில் அடித்துக்கொண்டார், பூட்டைக் காட்டினார், பெல்ட்டுக்கு அடியைக் காட்டினார், கழுத்தை அறுப்பது போலக் காட்டினார், வயிற்றைத் தட்டி போண்டாவைக் காட்டினார். அவர் நிறுத்தியதும் அடுத்தவர் ஆரம்பித்தார். கேங் மொத்தமும் சூழ்ந்து நின்று கையாலேயே அவனைக் கிழித்தது. இத்தனை மாதத்தில் அவனை யாரும் ஒரு தடவைகூடத் திட்டியதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெல்ட் கேங்கில் திட்டு வாங்காமல் ஒருவன் இருப்பான் என்றால் அவனை அவர்கள் இன்னும் விருந்தாளியாக வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தம்பி தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான். போய்ப் பூட்டைக் கழற்றிவிட்டு வந்தான். சிவப்பு விளக்குகள் சுழன்றன, ஹூட்டர் ஊதியது, பெல்ட் ஓடியது. திரும்பி வந்தவன் அண்ணன் முன்னால் நின்றான். இப்போது அவன் கை பேசியது. கோபமாகப் பேசியது. அவன் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. ஜாக்கி தூக்குவது போலக் காட்டினான், வேனைக் காட்டினான், தன்னைக் காட்டினான், பூட்டைக் காட்டினான், திரும்பி வருவதாகக் கையை வளைத்தான். பிறகு அண்ணனின் நெஞ்சில் ஒரு விரலை வைத்தான். தன் தலையை மேலும் கீழுமாக, சிரித்துக்கொண்டே, ஆட்டிக் காட்டினான். அப்படியே அண்ணன் ஆட்டுவது மாதிரி.

சார் பக்கத்தில் வந்தார். “இதுக்குத்தான் அக்கா நான் முதல்லயே சொன்னேன். காது கேக்காதவர இங்க வச்சிக்க முடியாது. நாளைக்கு ஆபீசுக்கே வந்துடட்டும். பாவம், அவருக்கும் நல்லது.”

எனக்கு வாய் துடித்தது. ஆனால் அண்ணன் முந்திக்கொண்டார்.

“பூட்ட விட்டுட்டுப் போனது அவன் தப்புதாங்க சார். அது காதால வந்த தப்பு இல்லீங்க, மறதி. நானே பூட்ட மறந்துபோயி வூட்டுக்குக் கெளம்பியிருக்கேன், பஸ்ஸ நிறுத்தி இட்டாந்தாங்க. என் காத யாரும் குத்தம் சொல்லல. ஆனா அவன் சொல்லிட்டுத்தாங்க போனான். ஜாக்கிய ஸ்டோர்ல குடுத்துட்டு வரேன், பூட்டு கெடக்குதுன்னு என்கிட்ட வந்து நின்னு சொன்னான். எனக்கு அப்ப ஒண்ணும் புரியல. சரி சரின்னு தலைய ஆட்டிட்டேன். எப்பவும் அப்படித்தாங்க. அவன் மனசு நோவக் கூடாதேன்னு.” குரல் உடைந்தது. “அனுப்புறதுன்னா என்னத்தான் அனுப்பணும் நீங்க.”

சார் அடித்துக்கொண்டிருந்த போனை அணைத்துப் பையில் போட்டார். மேலிடத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று என்னைக் கேட்டார். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள் என்றேன்: ஒரு பூட்டு இருந்தது, ஆளைப் பார்க்கும்வரை காத்திருந்தோம், சொன்னதைப் புரிந்துகொள்ளாமல் தலையாட்டியதுதான் கோளாறு. அவர் அப்படியே எழுதினார். தம்பியை அனுப்பவில்லை. வருஷக் கடைசியில் சோதனை முடிந்து அவன் கேங்கிலேயே நிலைத்தான். எங்கள் செக்‌ஷனின் முயற்சி என்ன என்று குழு மேலிடத்துக்கு எழுத வேண்டியிருந்தபோது நான் ஒன்றே ஒன்று சொன்னேன். சுட்டுவிரலைக் காற்றில் ஒரு வட்டம் சுற்றுவது. ‘புரியல, திரும்பச் சொல்லு’ என்பதற்குப் பெல்ட் நின்ற அன்றைக்கே தம்பி சொல்லிக்கொடுத்த சைகை. அதைக் கேங் முழுக்கக் கற்றுக்கொண்டது. போட்டோவுக்கு அதில் ஒன்றும் இல்லை என்று குழுவுக்கு வருத்தம்.

அந்த அமளி நடந்த மறுநாள் காலை, கேங் இறங்குவதற்கு முன்னால், தம்பி அண்ணனிடம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தான். அண்ணன் பழக்க தோஷத்தில் தலையாட்ட ஆரம்பித்து, சட்டென்று நிறுத்தினார். விரலைச் சுற்றினார். தம்பி மறுபடி சொன்னான். மறுபடி சுற்றினார். பின்னால் ஆள்கள் நின்றார்கள், யாரும் அவசரப்படுத்தவில்லை. மூன்றாவது தடவைதான் அவருக்குப் பிடிபட்டது. நேற்று ராத்திரி மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, அந்தப் பல்லைக் கூரை மேல் எறிந்தார்கள், அது உருண்டு பக்கத்து வீட்டு ஆட்டின் மேல் விழுந்தது. அவ்வளவுதான் சேதி.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் என் பக்கம் திரும்பினார். கண் நிரம்பியிருந்தது.

“இத்தினி மாசமா இவன் என்னென்னா சொன்னானோ, எல்லாத்துக்கும் தலைய ஆட்டிகினே இருந்துட்டேனே” என்றார். “நீ எழுதிக் காட்டும்மா அவனுக்கு. மொதல்ல இருந்து சொல்லச் சொல்லு.”

நான் எழுதிக் காட்டினேன். தம்பி அதைப் படித்தான். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, அண்ணனைப் பார்த்து, முதலில் இருந்து ஆரம்பித்தான்.